திறன் முன்வைப்பு: ‘உங்களைச் சந்தைப்படுத்துங்கள்’ என்பதற்கு ஒரு மாற்று

வேலை தேடுபவர்களுக்கான கையேடு ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் மெய்ப்புப் பார்த்தேன். ‘உங்களை நீங்களே சந்தைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியம் அதில் பதினொரு இடத்தில் வந்தது. பதினொரு இடத்திலும் கோடு போட்டேன். அதற்கு முன்பே ஒரு பயிற்சி வகுப்பின் அழைப்பில் இதைப் படித்திருந்தேன், ஒரு காணொளியின் அடிவரியிலும் பார்த்திருந்தேன். கடைசியில் அண்ணன் மகள் வாயிலிருந்தே வந்துவிட்டது. “சித்தப்பா, என்னை நானே சந்தைப்படுத்திக்கணுமாம். எப்படின்னே தெரியல, நினைச்சாலே கூச்சமா இருக்கு” என்றாள். அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இந்தச் சொல்தான் என்பது என் கட்சி.

முதலில் மூலச்சொல். சந்தைப்படுத்தல் என்பது ஆங்கிலத்தின் மார்க்கெட்டிங்குக்கு நாம் வைத்த பெயர். அதில் மார்க்கெட் என்பது இலத்தீன் மெர்க்காத்துஸ் வழியாக வந்தது. வணிகம், வணிகம் நடக்கும் இடம் என்று பொருள். அதன் அடியில் இருப்பது மெர்க்ஸ், அதாவது சரக்கு. பெயர் வினையாகி, அந்த வினையிலிருந்து மார்க்கெட்டிங் என்ற தொழிற்பெயர் பிறந்தது. சந்தைக்குச் சரக்கைக் கொண்டுபோவது என்பதுதான் பழைய பொருள்.

துறையின் பெயராக ஆனபிறகு பொருள் நகர்ந்துவிட்டது. 1960இல் மார்க்கெட்டிங் பேராசிரியர் தியோடர் லெவிட் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரையில், விற்பனை என்பது விற்பவரின் தேவையைப் பற்றியது, மார்க்கெட்டிங் என்பது வாங்குபவரின் தேவையைப் பற்றியது என்று பிரித்துக் காட்டினார். 1969இல் அதே துறை அறிஞர்களான பிலிப் கோட்லரும் சிட்னி லெவியும் இந்த முறைகள் சோப்புக்கும் பற்பசைக்கும் மட்டும் உரியவை அல்ல, நிறுவனங்களுக்கும் கருத்துகளுக்கும் மனிதர்களுக்கும் பொருந்தும் என்று வாதிட்டார்கள். வேலை தேடுபவருக்கு மார்க்கெட்டிங் பாடம் சொல்லும் வழக்கமும் இந்த வரிசையில் வருவதுதான். ஆக, இன்று அந்தச் சொல்லின் நடுவில் இருப்பவர் வாங்குபவர். யாருக்கு என்ன தேவை என்று அறிந்து, அதற்குப் பொருந்துவதை அவர் கையில் கிடைக்கும்படி செய்வது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்கத்துக்கு வருவோம்.

சந்தைப்படுத்தல் என்ற சொல்லில் வேலை செய்வது ‘படுத்து’. இது ‘படு’ என்பதன் பிறவினை. ஒன்றை ஒரு நிலைக்கு உட்படச் செய்வது. கட்டுப்படுத்து, காயப்படுத்து, அடிமைப்படுத்து என்றெல்லாம் சொல்கிறோம். தூய்மைப்படுத்து, மேம்படுத்து என்ற நல்ல சொற்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்லதோ கெட்டதோ, செயலுக்கு ஆளாவது சும்மா கிடக்கும். தரை தூய்மைப்படுத்தப்படும்போது தரைக்கு அதில் பங்கு கிடையாது. பேச்சு வழக்கில் ‘படுத்தாதே’ என்று தனியாகச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். அரிசியையும் துணியையும் சந்தைப்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவை சரக்கு. அந்த இடத்தில் ‘உங்களை’ என்று போட்டால், ஐ உருபு ஏற்று நிற்கும் மனிதர் மூட்டையாகிவிடுகிறார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ‘சந்தைப்படுத்து’ என்றால் ‘எதை?’ என்று ஒரு கேள்விதான் எழுகிறது. ‘யாருக்கு?’ என்ற கேள்வியே எழுவதில்லை. வாங்குபவரை நடுவில் வைத்த ஒரு கருத்து, தமிழுக்கு வரும்போது வாங்குபவர் இல்லாமலே வந்து சேர்ந்திருக்கிறது. இது மொழிபெயர்ப்பின் நடையில் உள்ள சிறு பிசிறு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் படிப்பவர் அதன்படி நடக்கிறார்.

அண்ணன் மகளின் விண்ணப்பக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது வாக்கியங்கள். ஒன்பதும் ‘நான்’ என்று தொடங்கின. நான் கடின உழைப்பாளி. நான் எதையும் விரைவில் கற்றுக்கொள்பவள். நான் சவால்களை விரும்புபவள். அந்த நிறுவனம் கேட்டிருந்ததோ, மாத முடிவில் சரக்கு இருப்புக் கணக்கைச் சரிபார்த்து முடிக்கத் தெரிந்த ஒருவரை. அவள் இரண்டு ஆண்டுகளாக அதே வேலையைத்தான் செய்கிறாள். அது தன்விவரக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில், அடியில், ‘இருப்புக் கணக்கு’ என்று இரண்டே சொல்லாகக் கிடந்தது.

“அவங்க கேட்டதே இதானேம்மா, இதைப் போய் ஏன் கடைசியில போட்டே?”

“அது சாதாரண வேலை சித்தப்பா. சந்தைப்படுத்தணும்னா பெருசா ஏதாவது சொல்லணும் இல்லையா?”

சொல் என்ன செய்திருக்கிறது பாருங்கள். கூவச் சொல்கிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள், கூவினாள். கேட்டவர் என்ன கேட்டார் என்று பார்க்கும்படி அந்தச் சொல் அவளிடம் சொல்லவே இல்லை.

ஆள் எடுக்கும் பக்கத்து யோசனையை நம்மவர்கள் பழைய காலத்திலேயே தெளிவாக வைத்திருக்கிறார்கள். ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்பது 517ஆம் குறள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் ‘இதனை’, அதாவது வேலை. அடுத்து ‘இதனால்’, செய்வதற்கான வழி. மூன்றாவதாகத்தான் ‘இவன்’. ஆய்பவர் அந்த வரிசையில் ஆயும்போது, விண்ணப்பிப்பவர் ‘நான், நான்’ என்று மூன்றாவதிலிருந்து தொடங்கினால் இருவரும் சந்திப்பது எங்கே?

சரி, மாற்றாகச் சொல்லப்படும் சொற்களையும் பார்த்துவிடலாம். வணிகவியல் பாடங்களில் சந்தையிடுகை என்றும் அங்காடியியல் என்றும் வழங்குவதுண்டு. தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர், சந்தையை எடுத்துவிட்டு அங்காடியைப் போட்டால் சிக்கல் தீரும் என்கிறார். அங்காடி அழகான சொல், மறுப்பே இல்லை. பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று பிரித்து வைத்த மொழி இது. ஆனால் இன்றைக்கு அங்காடி என்றதும் மனத்தில் வருவது ஒரு கடை, கொடுப்போரும் கொள்வோரும் கூடும் வெளி அன்று. மேலும் நோய் சந்தையில் இல்லையே, படுத்தலில் அல்லவா இருக்கிறது! ‘உங்களை அங்காடிப்படுத்துங்கள்’ என்றால் மட்டும் மூட்டை மனிதராகிவிடுமா? சொல் தமிழா என்று கேட்பது எனக்கு இரண்டாவது கேள்வி. சொன்னதும் கேட்பவருக்கு என்ன செய்யத் தோன்றுகிறது என்பது முதல் கேள்வி.

‘உங்களை விற்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விலைபோனவன் என்றால் தமிழில் என்ன பொருள்? தன்னையே விற்றுவிட்டான் என்று யாரைப் பற்றிச் சொல்வோம்? கொள்கையை விட்டவனையும் காசுக்கு வளைந்தவனையும் திட்டும் சொல்லை எடுத்து, முதல் வேலைக்குப் போகும் பிள்ளையின் கையில் அறிவுரையாகக் கொடுக்கலாமா? ஆங்கிலத்தில் அந்தத் தொடர் உறுத்தாமல் போகலாம். இங்கே உறுத்தும்.

‘சுய விளம்பரம்’ என்பதற்கு வேறு கதை. விளம்புதல் என்றால் சொல்லுதல், பலரறியச் செய்தல். உணவு பரிமாறுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. பரிமாறுபவர் எதிரில் இருப்பவரின் இலையைப் பார்த்துத்தான் கரண்டியை நீட்டுவார். மார்க்கெட்டிங் என்பதன் உயிரே அந்தப் பார்வைதான். ஆனால் விளம்பரம் என்ற சொல்லின் இன்றைய வாழ்க்கை வேறு. ‘விளம்பரம் தேடுகிறான்’ என்றால் வசை. அதில் ‘சுய’ என்பதையும் சேர்த்தால் வசை இரட்டிக்கும். மீட்க முடிந்தால் மீட்கலாம், இப்போதைக்கு முடியாது.

நான் முன்மொழிவது ‘திறன் முன்வைப்பு’. முன்வைத்தல் புதுச்சொல் அன்று. கருத்தை முன்வைக்கிறோம், கோரிக்கையை முன்வைக்கிறோம், சான்றை முன்வைக்கிறோம். அதில் உள்ள ‘முன்’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன் என்றால் ஒருவர் முன். சொல்லும்போதே ‘யார் முன்?’ என்ற கேள்வி எழுந்துவிடுகிறது, எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வைப்பவர் கை நீட்டி வைக்கிறார், மேசைக்கு இந்தப் பக்கம் முழு மனிதராகவே நிற்கிறார். வைக்கப்படுவது அவருடைய திறன், அவர் இல்லை. தேவை அறிதல், தேர்ந்து எடுத்தல், பார்க்கும்படி வைத்தல் மூன்றும் இந்த ஒரு வினைக்குள் அடங்கும்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் மற்ற கலைச்சொற்களும் நேராகின்றன. மார்க்கெட்டிங்கில் முடிவு செய்ய வேண்டியவை என்று 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த நான்கு ‘பி’க்களை (பிராடக்ட், பிரைஸ், பிளேஸ், பிரமோஷன்) வேலை தேடலுக்குப் பொருத்திச் சொல்வது வழக்கம். பிராடக்ட் என்பது ‘நீங்கள்’ என்று அந்தக் கையேட்டில் இருந்தது. தவறு. நீங்கள் செய்து தரக்கூடிய வேலைதான் பிராடக்ட். பிரைஸ் என்பது சம்பளம், அதில் குழப்பமில்லை. பிளேஸ் என்பதைப் ‘பணியிடம்’ என்று பெயர்த்திருந்தார்கள். அது சரக்கு, வாங்குபவரிடம் போய்ச் சேரும் வழி. வேலை தேடலில், தெரிந்தவர் பரிந்துரையா, இணையதளமா, முகவர் வழியா என்பது. கடைசி பிரமோஷன், வாங்குபவருக்குத் தெரியும்படி எடுத்துச் சொல்வது. அதைப் ‘பதவி உயர்வு’ என்று போட்டிருந்தார்கள்! வேலையே கிடைக்காதவருக்குப் பதவி உயர்வு எங்கிருந்து வரும் என்று மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். அகராதியில் முதலில் வந்த பொருளை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்.

பொசிஷனிங் என்பது ‘நிலைப்படுத்தல்’ ஆகியிருந்தது. பார்த்ததும் ஆடும் நாற்காலிக்கு ஆப்பு வைப்பதுபோலத் தோன்றுகிறது. வாங்குபவர் மனத்தில் இன்னாருக்கு இன்ன இடம் என்று அமைவதுதானே அது? ‘மனத்தில் இடம்பிடித்தல்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே! எதைக் கண்டாலும் ஒரு படுத்தலைச் சேர்த்துக் கலைச்சொல் ஆக்கும் பழக்கம் பெருகிவிட்டது. இலக்குப்படுத்தல், முன்னுரிமைப்படுத்தல், உள்ளடக்கப்படுத்தல். ஆங்கில வினை ஒவ்வொன்றுக்கும் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளினால் வேலை சீக்கிரம் முடியும், ஒத்துக்கொள்கிறேன். படிப்பவருக்குத்தான் எதுவும் முடிவதில்லை.

பெர்சனல் பிராண்ட் என்பதற்குத் ‘தனி முத்திரை’ போதும். பிராண்ட் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது நெருப்பு, சூட்டுக்கோலால் இட்ட குறி. தனி முத்திரை பதித்தார் என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘சுய வணிகக்குறியாக்கம்’ எதற்கு?

அண்ணன் மகளின் கடிதம் இப்போது இப்படித் தொடங்குகிறது: ‘இரண்டு ஆண்டுகளாக, மாத முடிவில் சரக்கு இருப்பை ஏட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, மூன்றாம் தேதிக்குள் முடித்துக் கொடுத்து வருகிறேன்.’ இதை எழுதும்போது கூச்சம் வரவில்லை என்றாள்.

அப்புறம், கையாளும்போது ஒரு கவனம். ‘உங்களை முன்வையுங்கள்’ என்று சுருக்கிவிடாதீர்கள், பழைய ஐ உருபு பின்வாசல் வழியாக வந்துவிடும். ‘உங்கள் திறனை முன்வையுங்கள்’ என்பதே சரி. பெயராக வரும்போது திறன் முன்வைப்பு. சரக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் சந்தைப்படுத்தல் இருந்துவிட்டுப் போகட்டும்.