பட்டினி ஆபரேஷனுக்குத்தான், இன்சுலினுக்கு இல்லை

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். “டாக்டர், அம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னுட்டாங்க. அப்போ சுகர் ஊசியும் வேணாம்தானே?”

நான் மயக்க மருந்து டாக்டர். வேலை பெங்களூரில். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும், எனக்குத் தமிழ் தெரியும் என்றதும் இந்த மாதிரிச் சந்தேகங்களை என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். வார்டில் நர்ஸ் பேசுவது மலையாளம், டியூட்டி டாக்டர் கன்னடம், படுத்திருப்பவர் தமிழ். கன்னடத்தில் “ஊட்டா பேடா”, அதாவது சாப்பாடு வேண்டாம் என்றது, “ஊசி வேண்டாம்” என்று காதில் விழுந்த கூத்தும் நடந்திருக்கிறது.

போன மழைக்காலத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தார். இருபது வருடச் சர்க்கரை. ராத்திரியில் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் 20 யூனிட். மகன் பொறுப்பானவர், பட்டினி என்றதும் தானாகவே ஊசியை நிறுத்திவிட்டார். காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் 386. பாட்டிக்கு ஒரே ஆச்சரியம். “பச்சத்தண்ணிகூட குடிக்கலையே கண்ணு, சக்கரை எங்கேருந்து வந்துச்சு?”

இதைவிட நல்ல கேள்வியை மருத்துவ மாணவர்கள்கூட என்னிடம் கேட்டதில்லை. சர்க்கரை வந்தது பாட்டியின் ஈரலிலிருந்து. நாம் சாப்பிடாத நேரத்தில் ஈரல்தான் தன் சேமிப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. மூளைக்கு அது வேண்டும். அளவுக்கு மீறி விடாமல் பிடித்து வைப்பது இன்சுலின். அந்தப் பிடி தளர்ந்தால் குழாய் திறந்தபடியே கிடக்கும். எலும்பு முறிந்த வலி, பயம், பிறகு கத்தி படுவது எல்லாம் சேர்ந்து அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் என்று உடம்பு சுரக்கிற ஒவ்வொன்றும் சர்க்கரையை மேலே தள்ளும். ஆபரேஷன் நாளில் பட்டினி கிடந்தும் சுகர் ஏறுவது இப்படித்தான்.

இன்சுலினுக்கு இரண்டு வேலை. சாப்பாட்டோடு வரும் சர்க்கரையைச் சமாளிப்பது ஒன்று, ஈரலைக் காவல் காப்பது இன்னொன்று. சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர ஊசி, சாப்பாடு இல்லையென்றால் வேண்டாம், சரி. ராத்திரி போடும் நீண்ட நேர ஊசி காவல்காரன். அதை நிறுத்தக்கூடாது, குறைக்கலாம். பொதுவாக கிளார்ஜின் மாதிரி ஊசியை முந்தின ராத்திரி வழக்கமான அளவில் 75 முதல் 80 சதவீதம் போடச் சொல்வோம். 20 யூனிட் என்றால் 15 அல்லது 16. காலையில் போடும் என்பிஎச் என்ற நடுத்தர நேர இன்சுலின் என்றால் பாதி. நம் ஊரில் அதிகம் பேர் போடுகிற 30/70 கலவை ஊசிதான் தலைவலி. இரண்டும் ஒரே குப்பியில் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. அதற்கு உங்கள் டாக்டர் கைப்பட எழுதித் தரும் அளவுதான் கணக்கு, பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னது அல்ல. சின்ன வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள் ஒருநாள்கூட முழுசாக நிறுத்தக்கூடாது. சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்கிவிடும்.

பாட்டிக்கு என்ன செய்தோம்? இடுப்பு முறிவை நாள்கணக்கில் தள்ளிப்போட முடியாது. 50 மில்லி சலைனில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின் கலந்து, சிரிஞ்ச் பம்பில் மெதுவாக ஏற்றினோம். ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், கணக்குப் பிசகாது. மணிக்கொரு தரம் சுகர். கூடவே பொட்டாசியம், ஏனென்றால் இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும்போது பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். மதியம் இரண்டு மணிக்கு 174. தியேட்டருக்குள் போனோம்.

“174-ஆ? நூறுக்குக் கொண்டுவரலையா?” என்று மகன் கேட்டார். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் துடித்தோம். 2001-ல் பெல்ஜியத்தில், ஐசியு நோயாளிகளுக்குச் சுகரை இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. 2009-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த நைஸ்-சுகர் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. 81-க்கும் 108-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள். 180 வரை விட்டுப்பிடித்தவர்களில் 24.9 சதவீதம். இப்போது ஆபரேஷன் நேரத்தில் நாங்கள் பார்ப்பது 100 முதல் 180. ஏறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். இறங்கினால் அதைவிட மோசம். விழித்திருப்பவருக்குச் சுகர் குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், “படபடன்னு இருக்கு” என்று அவரே சொல்லுவார். மயக்கத்தில் இருப்பவர் எதைச் சொல்ல? மீட்டர் காட்டினால்தான் உண்டு.

இனி மாத்திரைகள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு எல்லாம் பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலை மட்டும் வேண்டாம். ஆனால் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’-இல் முடியும் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். 2020-ல் டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இது இல்லாத சீட்டைப் பார்ப்பதே அரிது. பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒருவருக்கு மறுநாள் மூச்சு வாங்கியது. சுகர் 142, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். கீட்டோன் பார்த்தபோதுதான் ஆபத்து தெரிந்தது. இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் மீட்டர் நல்ல பிள்ளையாகக் காட்டும், உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். “சுகர் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டதற்கு அவர் “ஆமாம்” என்றாராம். எது என்று யாரும் கேட்கவில்லை. அட்டையோடு கொண்டுவாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஊசி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் வருவது 100. குப்பிக்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ராத்திரியில் பேனாவில் மாட்டும் ஊசிமுனை தீர்ந்துபோனதால் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துவிட்டார்கள். அந்த 20 கோடு என்பது அரை மில்லி. உள்ளே போனது 50 யூனிட். விடியும்வரை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் பிழைத்தார். பேனா போடுகிறவர்கள் தங்கள் பேனாவையும் அதன் ஊசிகளையும் பையில் வைத்துக்கொண்டே அட்மிட் ஆகுங்கள்.

பட்டினி நேரத்திலும் ஒரு குழப்பம். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால் விட்ட ஃபில்டர் காபி ஆறு மணி நேரக் கணக்கில் சேரும், “ஒரு வாய்தான்” என்றாலும். சர்க்கரைக்காரர்களைப் பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தப்பில்லை. நடுவில் சுகர் 70-க்குக் கீழே போனால் பட்டினி என்று பார்க்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மாத்திரையில் இருப்பவர்கள் ஆபரேஷனுக்காக நாலு நாள் இன்சுலின் என்றதும் முகம் சுண்டிப்போவார்கள், ஆயுசுக்கும் ஊசிதானா என்று. பெரும்பாலும் இல்லை, சாப்பாடு சீரானதும் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள். பாட்டிக்குப் பம்பில் போன இன்சுலினை நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளார்ஜினைப் போட்டோம், காவல் மாறும்போது இடைவெளி விழக்கூடாது அல்லவா. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றார். அன்று ராத்திரி ரவுண்ட்ஸ் போனபோது மகனிடம் அவரே கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏண்டா, இன்னிக்கு ஊசி போட்டாச்சா?”