வகுப்பறைப் படத்தில் இல்லாத தூரம்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிடும். ‘27ஆம் தேதி நள்ளிரவு வானத்தில் இரண்டு நிலா தெரியும், ஒன்று செவ்வாய். தவறவிடாதீர்கள், குழந்தைகளை எழுப்பிக் காட்டுங்கள்.’ பள்ளிகளுக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வானம் காட்டுவது என் தொழில். “சார், இது உண்மையா?” என்று அதை எனக்கு அனுப்பிக் கேட்பவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

வதந்திக்கு ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே பூமியை நெருங்கி வந்தது. தூரம் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர். ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு அருகில் வந்ததில்லை. 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரிகிற அளவில் செவ்வாய் தெரியும் என்று அப்போது ஒரு மின்னஞ்சல் பரவியது. அது சரியான தகவல்தான். கைமாறிக் கைமாறித் தொலைநோக்கி உதிர்ந்துவிட்டது, நிலா மட்டும் மிஞ்சியது. அப்புறம் ஆண்டும் உதிர்ந்துபோக, இப்போது எல்லா ஆகஸ்டுக்கும் பொருந்துகிறது.

நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்புச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படத்தில் எட்டுக் கோள்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நிற்கின்றன. தாளில் வேறு வழியில்லை. ஆனால் ‘இதில் தூரம் பொய்’ என்று படத்தின் கீழே ஒரு வரி போட்டிருக்கலாம்.

அதனால் தொலைநோக்கியைத் திறக்கும் முன் மாணவர்களைக் கணக்குப் போட வைப்பேன். பத்து லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்வோம். சூரியன் 1.4 மீட்டர் அகலப் பந்து, கிட்டத்தட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். பூமி, ஊறிய கொண்டைக்கடலை ஒன்று. அதைச் சூரியனிலிருந்து 150 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பல பள்ளிகளில் அதற்குள் மதில்சுவர் வந்துவிடும். நிலா 3.5 மில்லிமீட்டர், கடலையிலிருந்து 38 சென்டிமீட்டர் தூரத்தில். 7 மில்லிமீட்டர் செவ்வாயோ, 2003இல் நெருங்கி வந்தபோதும் 56 மீட்டருக்கு அப்பால்தான். இரண்டும் ஒரே அளவில் தெரியுமா என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. வியாழன் 780 மீட்டரில், நெப்டியூன் நாலரைக் கிலோமீட்டரில்.

சரி, சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரம் எங்கே? பக்கத்து மாவட்டம் என்பார்கள், தைரியசாலிகள் டெல்லி என்பார்கள். பிராக்சிமா சென்டாரி என்ற அந்த நட்சத்திரம் 4.24 ஒளியாண்டு தூரத்தில், அதாவது ஒளியே வந்துசேர 4.24 ஆண்டு எடுக்கும் தூரத்தில் இருக்கிறது. நம் அளவுகோலில் 40,000 கிலோமீட்டர். அதாவது, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். கணக்கு தப்பு என்று ஒரு பையனாவது எழுந்து நிற்பான். போட்டுப் பார்க்கட்டும்.

‘கோள்கள் நேர்கோட்டில் வருகின்றன, நிலநடுக்கம் வரும்’ என்ற பயமும் அந்த வகுப்புச் சுவர்ப் படத்தின் பிள்ளைதான். 1982 மார்ச்சில் கோள்கள் சூரியனுக்கு ஒரே பக்கமாகத் திரண்டபோது கலிபோர்னியா குலுங்கும் என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கோள்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவதால் எப்போதுமே வானில் சூரியன் போகும் பாதையை ஒட்டித்தான் தெரியும். 2025 ஜனவரியில் பேசப்பட்ட ‘அணிவகுப்பு’ம் அதுவே. மிக நெருங்கி வரும் வெள்ளிகூட நம் கடல்நீரை இழுத்து ஏற்றவற்றம் உண்டாக்கும் விசை, நிலாவுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தேறாது.

இவையெல்லாம் போனால் ஒரு ராத்திரித் தூக்கம். சூரியன் விஷயம் அப்படியில்லை.

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் தெரிந்தது. சூரியன் நிலாவைப்போல் 400 மடங்கு பெரியது, 400 மடங்கு தூரம். அதனால் வானில் இரண்டும் ஒரே அளவு. நிலா சற்று விலகியிருக்கும் நாளில் முழுதாக மறைக்க முடியாமல் விளிம்பு வளையமாக மிஞ்சுகிறது. கிரகண நேரத்தில் உலக்கை தானாக நிற்கும் என்பார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அடி தட்டையாக இருந்தால் அது எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும். நிற்கட்டும், யாருக்கும் கேடில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூரியனைப் பார்ப்பதுதான் கேடு. தண்ணீர்ப் பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் இரண்டு பங்கையாவது திருப்பி அனுப்பும். முறையான கிரகணக் கண்ணாடி லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் கணக்கிலேயே சேராது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது, பல மணி நேரம் கழித்துப் பார்வை நடுவே கறை விழும்போதுதான் தெரியும். தெரிந்த அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

தமிழ்நாட்டில் தெரியப்போகும் அடுத்த வளையம் 2031 மே 21 அன்று, தென் தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தர எண் அச்சிட்ட கிரகணக் கண்ணாடியை நம்பகமான இடத்தில், முன்கூட்டியே வாங்குங்கள். கண்ணாடி கிடைக்காவிட்டால், அட்டையில் ஊசியால் துளையிட்டுச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.

வீட்டில் மலிவுத் தொலைநோக்கி இருந்தால் ஒன்று செய்யுங்கள். கண் வைக்கும் முனையில் திருகிப் பொருத்த, ‘சன்’ என்று எழுதிய கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சில பெட்டிகளில் வைத்திருப்பார்கள். முன்லென்ஸ் குவிக்கும் சூடு முழுவதும் அதன்மேல் விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும். வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். அந்தத் துண்டை எடுத்து நொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். பெட்டியில் கிடந்தால் என்றாவது ஒரு பிள்ளை மாட்டிப் பார்க்கும்.