தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் அரசு வேலை கிடைக்காதா?

அரசுப் பணி வழக்குகளைப் பார்க்கிறவன் என்பதால் கொரோனா காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, பணியில் சேரப் போகும் நேரத்தில் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள், என்ன செய்வது? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலைக்கான அறிவிக்கையில் அது இருந்ததா?

ஒரு பதவிக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைப் பணி விதிகள்தான் சொல்ல வேண்டும். விதி பேசாமல் விட்ட இடத்தை அரசாணை நிரப்பலாம், ஆனால் விதிக்கு முரணாகப் போக முடியாது. விதியோ அறிவிக்கையோ இடம் கொடுக்காதபோது, தகுதி நிபந்தனையை ஆள்சேர்ப்பின் நடுவில் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையும் விதியும் அல்ல, அரசாணையும் அல்ல, அறிவிக்கையும் அல்ல.

"தடுப்பூசியைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே சார்" என்பவர்கள் பாதித் தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியெல் வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, அது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உடல்சார் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. அதே தீர்ப்பில், பொதுச் சுகாதாரத்துக்காக அரசு அளவான கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அப்போது மாநிலங்கள் போட்டிருந்த தடைகள் அந்த அளவைத் தாண்டின, ஏனென்றால் ஊசி போடாதவர்களால்தான் தொற்று அதிகம் பரவுகிறது என்பதற்கு அரசுகள் தரவு எதையும் காட்டவில்லை. அதுவும் கொரோனா ஊசியைப் பற்றிய வழக்கு, எல்லாத் தடுப்பூசிக்கும் அப்படியே நீட்ட முடியாது.

ஆய்வகப் பணியாளரையும் செவிலியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தால் பரவுவது, கையில் ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கு அன்றாடம் உண்டு. அவர்களிடம் தடுப்பூசி விவரம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு கணக்குப் பிரிவு எழுத்தரிடம் அதையே கேட்டால்தான் எதற்கு என்று கேட்பேன். ஆனால் அந்த ஊசி வழக்கமாக மூன்று தவணை, முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் இடையில் ஆறு மாதம். பதினைந்து நாளில் முழுச் சான்று கொண்டு வா என்றால் எங்கே போவது? முதல் தவணையைப் போட்டுக்கொண்டு, அந்த அட்டை நகலோடு அவகாசம் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

அப்புறம், இந்த அவசரத்தில் போலிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் வந்து நிற்பான். ஊசி போடாததற்கு வாதாட என்னிடம் ஏதாவது இருக்கும், போலிச் சான்றைக் கொடுத்துவிட்டு வந்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது.

வேலை மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான மத்திய அரசுப் பணிகளுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அங்கே பொதுவாக ஓராண்டுக் காலவரம்பு. தமிழ்நாடு அரசுப் பணிக்கு உயர் நீதிமன்றம். ஓராண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம், அதற்குள் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு ஆணை போய்விடும்.