192 பாஸ், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. அப்புறம்?

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் டெக்சன்ஸ் டீமோட சி.ஜே. ஸ்ட்ராட் 2023-ல, முதல் வருஷமே, பின்னியெடுத்தார். அடுத்த வருஷம் சறுக்கிட்டார். இதை முன்னாடியே கணிச்சிருக்க முடியுமா? இல்ல, கண்ணு பட்டுடுச்சா?"

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு அவசியமானது மட்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிபவர்; ஸ்ட்ராட் அந்த இடத்தில் ஆடுபவர். ஒவ்வொரு எறிதலும் ஒரு பாஸ். எறிந்ததைச் சொந்த ஆள் பிடித்தால் முன்னேற்றம். எதிராளி பிடித்தால் அது இன்டர்செப்ஷன், பந்தும் எதிரணிக்கே போய்விடும். எறிவதற்குள் அவரையே அமுக்கித் தரையில் சாய்த்தால் சாக். பந்தை எதிராளியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் டச்டவுன். முதல் வருட ஆட்டக்காரருக்கு ரூக்கி என்று பெயர். இவ்வளவு போதும்.

ஸ்ட்ராட் தன் முதல் 192 பாஸ்களில் ஒன்றைக்கூட எதிராளி கையில் கொடுக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தின் தொடக்கத்தில் இது சாதனை. 2016-இல் டாக் பிரெஸ்காட் வைத்திருந்த 176-ஐ முறியடித்தார். 2023 நவம்பரில் டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 470 யார்டு, 5 டச்டவுன். சீசன் முடிவில் 499 பாஸுக்கு 5 இன்டர்செப்ஷன், அதாவது 1 சதவீதம். 2024-இல் 532 பாஸுக்கு 12. அது 2.3 சதவீதம். லீகின் சராசரியும் ஏறக்குறைய அதேதான்.

தொடக்க ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் உள்ள ஆபத்துக்கு, 2015 செப்டம்பர் 13 அன்று டாம்பாவில் நடந்த ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த வருட டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான ஜேமிஸ் வின்ஸ்டன் ஒரு பக்கம், இரண்டாவதாகத் தேர்வான மார்கஸ் மரியோட்டா மறுபக்கம். இருவருக்கும் அதுதான் அறிமுக ஆட்டம். வின்ஸ்டன் எறிந்த முதல் பாஸையே எதிராளி பிடித்து, ஓடி, டச்டவுன் ஆக்கிவிட்டார். மரியோட்டா 16 பாஸ் எறிந்தார். 13 சேர்ந்தன, 209 யார்டு, 4 டச்டவுன். பாஸர் ரேட்டிங் 158.3. அந்தக் கணக்கில் அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. ஒருவர் மேதை, மற்றவர் டிராஃப்டின் தவறு என்று அன்று சொன்னவர்கள் ஏராளம். நடந்தது என்ன? மரியோட்டா 2019-இல் அணியில் தன் இடத்தை இழந்தார். அதே 2019-இல் வின்ஸ்டன் 5,000 யார்டுக்கு மேல் எறிந்து, கூடவே 33 டச்டவுனும் 30 இன்டர்செப்ஷனும் கொடுத்தார். மேதை, தவறு என்ற இரண்டு பெட்டிகளிலும் அடைக்க முடியாத ஆள்.

பதினாறு பாஸ் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். 192 போதுமா? இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு தொடங்குகிறது.

லீக் சராசரியான 2.3 சதவீதமே உண்மைத் திறமையாகக் கொண்ட ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பாஸ் தப்பிக்கும் வாய்ப்பு 0.977. இதைத் தன்னோடு தானே 192 முறை பெருக்கினால் சுமார் 0.0115 வரும். 87 பேரில் ஒருவருக்கு, எந்தத் தனித்திறமையும் இல்லாமல், இந்தச் சாதனை கிடைத்துவிடும். நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் லீகில் எத்தனை ரூக்கிகள் வந்து போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவருக்கு இப்படி அமைவது இயல்பு. அமைந்தவர் பெயரைத்தான் நாம் செய்தியில் படிக்கிறோம்.

முழு சீசனும் அப்படியே. 500 பாஸ் எறியும் சராசரி ஆளுக்கு 11 அல்லது 12 இன்டர்செப்ஷன் வர வேண்டும். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 3.4-ஐ ஒட்டி இருக்கும். திறமையில் மயிரிழை மாற்றம் இல்லாமலே ஒரு வருடம் 8, மறு வருடம் 15 என்று வரலாம். பத்திரிகைகள் முதல் வருடத்தை "முதிர்ச்சி" என்றும் இரண்டாவதை "நம்பிக்கை இழப்பு" என்றும் எழுதும்.

அப்படியானால் எண்ணையே நம்பக் கூடாதா? நம்பலாம், இழுத்துப் பிடித்து நம்ப வேண்டும். புள்ளியியலாளர்கள் செய்வது எளிமையான ஒரு தந்திரம். புது ஆட்டக்காரரின் கணக்கோடு, சராசரித் தரத்தில் கற்பனையாகச் சில நூறு பாஸ்களைச் சேர்த்துவிடுகிறார்கள். எத்தனை நூறு என்பதை இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. அதற்கு ஒரு வகுத்தல் உண்டு: மேலே p(1−p) (p என்பது சராசரி விகிதம், இங்கே 0.023), கீழே ஆட்டக்காரர்களின் உண்மைத் திறமைகளுக்கு இடையிலான சிதறலின் வர்க்கம். இன்டர்செப்ஷனில் அந்தச் சிதறல் 0.6 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால் விடை 600-ஐ ஒட்டி வரும்.

ஸ்ட்ராடுக்குப் போட்டுப் பார்ப்போம். 192 பாஸுக்கு 0. கற்பனை 600 பாஸுக்கு 13.8. சேர்த்து 792-க்கு 13.8, அதாவது 1.7 சதவீதம். ஆறாவது ஆட்டத்தின்போதே ஒரு தாளின் மூலையில் எழுதியிருக்கக்கூடிய எண் இது. பிறகு இரண்டு சீசனையும் சேர்த்தால் அவர் எறிந்தது 1,031, கொடுத்தது 17. வகுத்துப் பாருங்கள்: 1.65 சதவீதம். இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, எனக்கும்தான்.

இந்தத் தந்திரத்தின் பின்னால் ஒரு பெரிய கணிதம் இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஒரே சமயத்தில் மதிப்பிடும்போது, அவரவர் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது சிறந்த வழியல்ல என்று 1956-இல் சார்லஸ் ஸ்டீன் நிரூபித்தார். அப்போது பல புள்ளியியலாளர்களால் ஜீரணிக்க முடியவில்லை. பின்னர் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் 1970-ஆம் வருட பேஸ்பால் ஆட்டக்காரர்கள் 18 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொருவரின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் பார்த்து, மிச்ச சீசனைக் கணித்தார்கள். சராசரி நோக்கி இழுத்த கணிப்பில் மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆனால் அந்த 18 பேரில் ரொபெர்டோ கிளமென்டேவும் இருந்தார். முதல் 45-இல் 18 அடித்திருந்தார், 0.400. இழுத்த கணிப்பு அவருக்குக் கொடுத்தது சுமார் 0.29. அவர் மிச்ச சீசனில் அடித்தது 0.346. கூட்டத்துக்கு நியாயம் செய்த முறை கிளமென்டேவுக்கு அநியாயம் செய்துவிட்டது. காரணம் வெளிப்படை. அவர் ஏற்கெனவே நான்கு முறை லீகின் சிறந்த பேட்டிங் சராசரியை எடுத்தவர்; அவரைப் போய் ஏதோ பெயர் தெரியாத ஆள் மாதிரி பொதுச் சராசரிக்கு இழுத்தார்கள்.

ஆகவே எவ்வளவு இழுப்பது என்பது பாதிக் கேள்விதான். எதை நோக்கி இழுப்பது என்பது மீதி. ரூக்கியை அனுபவசாலிகளின் சராசரிக்கு இழுக்கக் கூடாது. டிராஃப்டில் முதலாவதாக வந்தவரையும் ஆறாவது சுற்றில் வந்தவரையும் ஒரே புள்ளிக்கு இழுக்கக் கூடாது. கல்லூரி ஆட்டங்களை வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த தேர்வாளரின் அறிவு கணக்குக்குள் நுழையும் வாசல் இதுதான். இந்த அணிகள் ஆட்டக்காரர்களுக்குக் கோடிகளைக் கொட்டுகின்றன. இந்த வாசலைச் சரியாகத் திறக்கத் தெரிந்த நாலு புள்ளியியலாளரை வைத்துக்கொள்ள யோசித்த காலமும் உண்டு என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

கண்ணுக்கு வருவோம். இரண்டாம் வருடச் சரிவு, பத்திரிகை அட்டையில் படம் வந்தால் வரும் சாபம் என்று அமெரிக்கர்களிடமும் இந்த நம்பிக்கை தாராளமாக உண்டு. உச்சத்தில் இருப்பவரைத்தான் அட்டையில் போடுவார்கள். உச்சத்திலிருந்து போகும் வழி பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். பூசணிக்காய் உடைப்பதால் பூசணிக்காய்தான் நஷ்டம்.

அதற்காக ஸ்ட்ராடின் 2024 முழுவதையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டவும் முடியாது. பந்தை வாங்கும் ஸ்டெஃபான் டிக்ஸும் டேங்க் டெல்லும் முழங்கால் காயத்தால் வெளியேறினார்கள். அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வரிசை பொத்தலாகிவிட்டது. சாக் 38-இலிருந்து 52 ஆனது. எதிரணிப் பயிற்சியாளர்களிடமும் ஒரு முழு சீசனின் வீடியோ இருந்தது. இவை நிஜ மாற்றங்கள்.

சாக் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தடுப்பு வரிசையின் குறை அதில் கலந்திருந்தாலும், பந்தை எப்போது விடுவது என்று குவார்ட்டர்பேக் எடுக்கும் முடிவுக்கும் பெரிய பங்கு உண்டு. அணி மாறினாலும் அந்தப் பழக்கம் கூடவே போகிறது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்வது. ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் வித்தியாசம் பெரிதாக இருப்பதால், மேலே சொன்ன வகுத்தலில் கீழ் எண் பெரிதாகி, சேர்க்க வேண்டிய கற்பனைக் கணக்கு சிறிதாகிவிடும். ஆகவே புது ரூக்கி ஒருவரின் முதல் நாலைந்து ஆட்டங்களை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், நான் இன்டர்செப்ஷனை விட்டுவிட்டு முதலில் சாக் விகிதத்தைத்தான் பார்ப்பேன்.

1998-ஐ அப்படிப் பார்த்திருக்கலாம். டிராஃப்டில் இரண்டாவதாக வந்த ரயன் லீஃப் முதல் இரண்டு ஆட்டங்களில் வென்றார். முதலாவதாக வந்த பெய்டன் மேனிங் முதல் நான்கிலும் தோற்றார். அந்த நான்கில் மட்டும் 11 இன்டர்செப்ஷன். சீசன் முடிவில் 28, ரூக்கிகளில் அது சாதனை, வேண்டாத சாதனை. அணி 3 வெற்றி, 13 தோல்வி. ஆனால் 575 பாஸ் எறிந்த அந்த சீசனில் அவரைத் தரையில் சாய்த்தது 22 முறைதான். அடுத்த வருடம் இன்டர்செப்ஷன் 15 ஆகக் குறைந்தது; அணி 13 வெற்றி, 3 தோல்வி.