17:45 எப்படி 1065 ஆனது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். அப்பாவின் நாட்டுப்படகுக்காகக் காற்று நிலவரம் சொல்லும் சின்ன நிரல் ஒன்றைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதியிருக்கிறார். எத்தனை மணிக்குச் சொல்ல வேண்டும் என்பது யாமல் (YAML) என்ற எழுத்து வடிவில் உள்ள கான்ஃபிக் கோப்பில், அதாவது நிரலுக்கான அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பில், இருக்கிறது: ‘காலை: 05:30’, அடுத்த வரியில் ‘மாலை: 17:45’. காலை நேரம் ஒழுங்காக வருகிறது. மாலைக்கு மட்டும் 1065 என்று வந்து நிற்கிறது. முதலில் ஓட்டிப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. “ராகு காலத்துல ஆரம்பிச்சா இப்படித்தான்” என்றாராம் அப்பத்தா. ஞாயிறு மாலை 4:30 முதல் 6 வரை ராகு காலம், சரி. திங்கட்கிழமையும் அதே 1065 வந்ததே, அப்பத்தா!

கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும் நிரல்தான் பார்சர். அது கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி இருந்தால், முன்னால் இருப்பது பெயர். இடைவெளி இல்லையென்றால் அந்தப் புள்ளியும் மதிப்பிலேயே சேரும். ஆகவே ‘17:45’ முழுசாகக் கைக்கு வந்துவிடுகிறது. இதுவரை சிக்கல் இல்லை.

அடுத்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்தது எண்ணா, தேதியா, ஆம்-இல்லையா, வெறும் எழுத்தா என்று தரம் பிரிக்க வேண்டும். கரையில் வலையை உதறியதும் சூடை ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை என்று பிரிப்பார்களே, அந்த மாதிரி. பைதானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் (PyYAML) என்ற யாமல் படிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு முதல் எழுத்தை மட்டும் பார்த்து, எந்தெந்தக் கூடைகளில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்கிறது. 1 என்று தொடங்கினால் எண், தேதி வடிவங்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். அந்த எண் வடிவங்களில் ஒன்று 60-ஐ அடிமானமாகக் கொண்டது! நம் பாட்டன்மாரும் 60 விநாடி ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள் என்று எண்ணியவர்கள்தானே. 17-ஐ 60-ஆல் பெருக்கி 45-ஐக் கூட்டுங்கள்: 1065. அப்படியானால் காலை மட்டும் எப்படித் தப்பியது? இந்த வடிவத்தின் முதல் இலக்கம் 1 முதல் 9 வரைக்குள் இருக்க வேண்டும். 05:30 பூச்சியத்தில் தொடங்குவதால் எந்தக் கூடையிலும் சேராமல் எழுத்தாகவே தங்கிவிட்டது. தம்பி 5:30 என்று எழுதியிருந்தால் காலையிலேயே 330 வந்திருக்கும்.

எழுதியவரைக் கேட்காமல் வகையை ஊகிப்பது உதவி இல்லை, அதிகப்பிரசங்கித்தனம் என்பது என் கட்சி. 2009-இல் வந்த யாமல் 1.2 பதிப்பு இந்த 60 கணக்கைக் கைவிட்டுவிட்டது. பையாமல் இன்னும் பழைய 1.1-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேறு வடிவில் எழுதிய கான்ஃபிக் கோப்பைப் படிக்கப் பைதானோடு வரும் கான்ஃபிக்பார்சருக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் எழுத்தாகவே கொடுத்துவிடும், மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு.

யாமலே வேண்டுமென்றால் மாலை நேரத்தை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்தக் கோப்பில் ராமநாதபுரத்துத் தொலைபேசிக் குறியீடு 04567 இருந்தால் அதற்கும் சேர்த்து. பூச்சியத்தில் தொடங்கி 7-ஐத் தாண்டாத இலக்கங்கள் என்பதால், பையாமல் அதை 8-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்து 2423 என்று கையில் கொடுக்கும்.