கர்ணம் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை: நியமிக்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோரக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் மீது புகார் மனு கொடுத்தவர்களுக்கு, தவறு வெளிப்படையாகத் தெரிந்தும் வட்டாட்சியர் ஏன் அவரை உடனே வேலையை விட்டு நீக்கவில்லை என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விடை ஆங்கிலேயர் காலத்து விதிகளில் தொடங்குகிறது.

சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 29-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஜமீன் கிராமங்களுக்குக் கர்ணங்களை, அதாவது ஊர்க் கணக்கர்களை, ஏற்படுத்தியது. மறு ஆண்டு, 1803-இல், ராமநாதபுரம் சீமை மங்களேசுவரி நாச்சியாருக்கு நிரந்தரத் தீர்வையில் (வரி மாறாமல் நிர்ணயிக்கப்படும் முறையில்) ஜமீனாக அளிக்கப்பட்டதால், இக்கரைக் கிராமங்கள் பலவும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. அதன்படி கர்ணத்தை நியமிப்பவர் ஜமீன்தார்; ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அவரால் கர்ணத்தை நீக்க முடியாது. கிராமத்தின் சாகுபடி, தீர்வை, வசூல் ஆகியவற்றின் உண்மைக் கணக்கு அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் தேவைப்பட்டது. கணக்கை எழுதுபவர் ஜமீன்தாருக்கு அஞ்சி எழுதினால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை என்பதே இதன் காரணம். என் பார்வையில், இன்றைய பணிப் பாதுகாப்பின் நியாயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழைய விதி வேறில்லை.

அதே விதியில் ஒரு பெருங்குறையும் இருந்தது. பதவி காலியானால், தகுதியற்றவர் என்று நிரூபிக்கப்பட்டாலன்றி, முந்தைய கர்ணத்தின் வாரிசையே நியமிக்க வேண்டும். ஜமீன் கிராமங்களுக்கான 1894-ஆம் ஆண்டுச் சட்டமும், பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கான 1895-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வாரிசு முறையைத் தொடர்ந்தன. எனவே வலையிழுப்பவர் வீட்டுப் பிள்ளை எவ்வளவு படித்திருந்தாலும் ஊர்க் கணக்கு அவர் கைக்கு வர வழியில்லை. ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கிராமப் பதவிக்குக் குடும்ப வழியைப் பார்ப்பது அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்புக்கு முரணானது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் தமிழ்நாட்டில் இவ்விரு சட்டங்களும் நீக்கப்பட்டன. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வின் வழியே வருகிறார்.

வாரிசுரிமை போனது, பாதுகாப்பு நிலைத்தது. உயர் அலுவலர்களை விசாரிக்க இயற்றப்பட்ட 1850-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடமளித்தது. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி பணிநீக்கம் செய்யக் கூடாது என்ற விதியை 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சேர்த்தது. எதிர்வாதத்துக்குத் தக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பதை 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 240-ஆம் பிரிவு சேர்த்தது. இவ்விரண்டும் இன்று அரசியலமைப்பின் 311-ஆம் உறுப்பில் உள்ளன. குற்றவியல் தண்டனை, விசாரணை நடத்த இயலாத சூழல், நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்று நிலைகளில் மட்டும் விசாரணையின்றி நீக்கலாம்.

ஆகவே நியமன ஆணையில் வட்டாட்சியருக்கு மேலதிகாரியான கோட்டாட்சியர் கையெழுத்திட்டிருந்தால், வட்டாட்சியரால் அந்த அலுவலரைப் பணிநீக்கம் செய்ய இயலாது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில், கண்டனம் போன்ற சிறு தண்டனைகளுக்கு 17(அ) பிரிவும், பணிநீக்கம் உள்ளிட்ட பெருந்தண்டனைகளுக்கு 17(ஆ) பிரிவும் உள்ளன. பின்னதில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, எழுத்து விளக்கம், விசாரணை அலுவலரின் அறிக்கை ஆகியவை இன்றியமையாதவை. விசாரணை முடியும் வரை செய்யப்படும் தற்காலிகப் பணிநீக்கம் (பணியிடை நீக்கம்) தண்டனை அன்று. அக்காலத்தில் அவருக்கு வாழ்க்கைச் செலவுக்கான பிழைப்பூதியம் உண்டு.

மனு எழுதுபவர் இதை மனத்தில் கொள்வது நல்லது. "எப்போதும் அலைக்கழிக்கிறார்" என்ற வரி விசாரணையில் நிற்காது. சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ விண்ணப்பித்த நாள், விண்ணப்ப எண், என்ன கேட்கப்பட்டது, உடனிருந்தவர் யார் என்பவற்றை எழுதி, நகல்களை இணைத்து, கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். லஞ்சம் கேட்கப்பட்டிருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் தெரிவிக்க வேண்டும்.