கணுக்காலில் சுற்றும் பட்டை எதைப் பிடித்து நிறுத்துகிறது?

சமூக மன்றத்துப் பூப்பந்து அரங்கிலோ செபாக் தக்ராவ் திடலிலோ ஒருமுறை சுளுக்கிய கணுக்கால், வீக்கம் வடிந்து வலி நின்ற பின்னரும், மின்படியில் இறங்கும்போதுகூடத் திடீரென மடங்குவது பலருக்கும் பழகிப்போன தொல்லை. முதல் சுளுக்கு ஏற்பட்டு ஓராண்டு கடந்தும் இது நீடித்தால், நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்கின்றனர் மருத்துவர்கள்.

பாதம் உட்புறமாகப் புரளும்போது, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் மூன்று நார்கள் இழுபடுகின்றன. அவற்றுள் முன்புறம் உள்ளதே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. நார் தளர்வது மட்டுமே சிக்கலன்று. கிழிந்த நாரிலுள்ள உணர்நரம்பு முனைகளும் சேதமடைவதால், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகச் செல்வதில்லை என்று ஃபிரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1965இல் விளக்கினார். முதுகுத்தண்டும் மூளையும் தசைகளை இயக்கும் முறையே மாறிவிடுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தை விரிவாக்கின.

கால் மீண்டும் மடங்காமல் தடுக்கவே விளையாடுவோர் கணுக்காலில் ஒட்டுப்பட்டை சுற்றுகின்றனர். பட்டை போடும் முறை எளிதாகத் தோன்றினாலும் அதில் கணக்கு உண்டு. பாதத்தைச் செங்கோணத்தில், சற்றே வெளிப்புறம் திருப்பிய நிலையில் வைத்து, நீட்சியற்ற 38 மில்லிமீட்டர் துத்தநாக ஆக்சைடு பட்டையின் ஒரு முனையை உட்பக்கத்தில் ஒட்டி, குதிகாலுக்கு அடியாகக் கொண்டுசென்று, வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டுகின்றனர். இழுவிசை இந்தத் திசையில் அமைந்தால்தான் பாதம் உட்புறமாகப் புரள்வது தடைபடும். அதன்மேல் குதிகாலைப் பூட்டும் சுற்றுகள் வருகின்றன.

ஆனால் அந்தப் பிடி விரைவில் தளர்ந்துவிடுகிறது. பத்து நிமிடக் கடும் பயிற்சிக்குள் பட்டையின் தாங்குதிறனில் சுமார் 40 விழுக்காடு குறைவதாக 1962ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பசையை இளக்குவதால், இங்கு அதற்கு மேலும் ஆயுள் எதிர்பார்ப்பதற்கில்லை. அப்படியிருந்தும், 1973இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வில், பட்டை அணிந்தவர்களுக்குச் சுளுக்கு குறைந்தது. ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கே கூடுதல் பயன் கிடைத்தது.

இந்த முரணுக்குத் தோல்வழி உணர்வு கூர்மையடைவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பட்டையோ காப்புறையோ மூட்டுணர்வை மேம்படுத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் வேறு. கால் மடங்கத் தொடங்கியபின் வெளிப்புறத் தசை விழித்தெழச் சுமார் 0.06 முதல் 0.08 நொடி ஆகிறது. அது முழு விசையுடன் இழுப்பதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. எனவே தரையைத் தொடும் கணத்தில் பாதம் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். காற்றில் இருக்கும்போது பாதத்தை உட்புறம் சாயாத நிலையில் வைக்கச் சிறுவிசை போதும். தளர்ந்த பட்டையாலும் அதைத் தர இயலும். தன்னம்பிக்கையின் பங்கும் உண்டு: 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் போலிப் பட்டை அணிந்தவர்களும் கால் உறுதியாக இருப்பதாக உணர்ந்தனர், ஆனால் அவர்களின் செயல்திறன் மாறவில்லை.

ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய, நீளக்கூடிய வண்ணப் பட்டைக்கு இந்தத் தடுக்கும் திறனும் குறைவு. விளையாட்டுக் கடைகளில் அதற்குக் கொடுக்கும் விலை எனக்கு வீணாகவே படுகிறது. எந்தப் பட்டையானாலும் தசையின் தாமதத்தைச் சரிசெய்யாது. ஒற்றைக்காலில் நிற்றல், தள்ளாடும் பலகையில் சமநிலை பேணல் போன்ற பயிற்சிகளை இயன்முறை சிகிச்சையாளரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் செய்வதே அதற்கு வழி. அந்தப் பயிற்சிக் காலத்தில் விளையாடப் போகும் நாள்களுக்கு மட்டும் பட்டை போதும். கட்டியபின் விரல்கள் நீலம்பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.